கூலிக்காரருக்கு ஓய்வு வயது எது?

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் அது 60 ஆகும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள் இரண்டு வயது கூடிவிட்டது. கொரோனா காலத்தில் கஜானா காலியானதால் பணிக்கொடை கொடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றனர் சிலர். இளைஞர்களுக்கு வர வேண்டிய காலியிடங்கள் அடைபடுகின்றன என்றனர் வேறு சிலர். அந்தக் கவலை நமக்கும் உண்டு. முதல் தலைமுறையாகப் படித்துவிட்டுத் தேர்வாணைய அறிவிப்புக்குக் காத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு என்பது சின்னக் காலம் அல்ல.

ஆனால் அந்த விவாதம் முழுவதிலும் ஒரு கேள்வியை யாரும் எழுப்பவில்லை. ஓய்வு வயது என்ற ஒன்றே இல்லாதவர்களுக்கு 58 என்ன, 60 என்ன?

ஆய்க்குடியைச் சுற்றி சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம், சுரண்டை, பாவூர்சத்திரம் வரை நடந்து பாருங்கள். வயலில் களை பறிப்பவர்களில், வெங்காயம் பிடுங்குபவர்களில், நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிப்பவர்களில் நரைத்த தலைகள் எத்தனை என்று எண்ணுங்கள். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிறைந்த எவரும் வேலை கேட்கலாம் என்றது. எந்த வயதில் நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அது முதியவர்களுக்கு நன்மையாகவே இருந்தது. அதே நேரத்தில், எழுபது வயதிலும் வேலைக்கு வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமையையும் அது காட்டிக்கொடுத்தது.

மேலே 58, கீழே 60

ஒரு பழைய விதியை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2020-க்கு முன்பு அரசு அலுவலர்கள் 58 வயதில் ஓய்வு பெற்றார்கள். ஆனால் அரசின் அடிப்படைப் பணியாளர்களுக்கு, அதாவது அலுவலகத்தைக் கூட்டுபவர், காவல் காப்பவர், கோப்பு தூக்குபவர் போன்றோருக்கு, அப்போதே 60 தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு 58 வயதில் ஓய்வு. குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தவர் இன்னும் இரண்டு ஆண்டு குனிய வேண்டும். கூடுதலாக இரண்டு ஆண்டுச் சம்பளம் கிடைப்பதால் அதைச் சலுகை என்றும் சொன்னார்கள். அந்தக் கடைநிலைப் பணிகளில் எந்தச் சாதியார் அதிகம் இருந்தார்கள் என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதுவாவது சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலை. சாதி சுமத்திய வேலைக்கு ஓய்வு வயதே கிடையாது. சாவுச் சேதி சொல்லப் போனவரும், பறை அடித்தவரும், சுடுகாட்டில் குழி வெட்டியவரும், செத்த மாட்டை இழுத்துப் போட்டவரும் கை கால் ஓயும்வரை செய்தார்கள். ஓய்ந்த பிறகு அந்த வேலை மகன் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்றவருக்குக் கிடைத்தது பேரன் வயதுப் பையன் ‘ஏல’ என்று கூப்பிடும் மரியாதைதான். வயதுக்கு மதிப்புத் தரும் பண்பாடு நமது என்று மேடையில் பேசுவோர், எந்தத் தெருவின் வயதுக்கு அந்த மதிப்பு கிடைத்தது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். நிரந்தரப் பணியிடம் காலியானால் அதை நிரப்பாமல் ஒப்பந்தக்காரரிடம் விடுவது வழக்கமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்து போராடியது இந்தத் தனியார்மயத்தை எதிர்த்துத்தான். அரசு ஊழியர் சங்கங்கள் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்கின்றன. நியாயமான கோரிக்கை, நாம் ஆதரிக்கிறோம். ஆனால் எந்த ஓய்வூதியப் பட்டியலிலும் பெயர் ஏறாமல் குப்பை வண்டி தள்ளும் அருந்ததியப் பெண்ணின் கோரிக்கையும் அந்த மேடையில் ஒலிக்க வேண்டாமா?

நாற்பது ரூபாயில் ஒரு நாள்

இவர்களுக்கெல்லாம் அரசு வைத்திருக்கும் ஒரே ஏற்பாடு முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962 ஏப்ரல் 1-இல், காமராசர் ஆட்சியில், மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் 500-லிருந்து 1,000 ரூபாயானது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. நாள் கணக்குப் போட்டால் 40 ரூபாய். 2025–26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். நான்கு நாள் கூலிக்குக் குறைவான பணத்தில் ஒரு முதியவர் முப்பது நாள் உண்டு, உடுத்து, மருந்தும் வாங்க வேண்டும்.

ஒன்றிய அரசின் பங்கு இதைவிட மோசம். 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2007 முதல் அப்படியே நிற்கிறது. உயர்த்துங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே பலமுறை பரிந்துரைத்துவிட்டது. அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் விலைவாசியைக் கணக்கிட்டு ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறுகிறது. அதே சந்தையில் அதே தக்காளியை வாங்கும் கூலிக்காரக் கிழவிக்கு விலைவாசி ஏறுவதே இல்லை என்று யார் முடிவு செய்தார்கள்?

80 வயதானால் 500 ரூபாய் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது வட, கிழக்கு மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, ஆதிக்க சாதியினரைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுக்கும் மேல் குறைவு என்கிறது. பழங்குடிகளுக்கு நான்கு ஆண்டுக்கும் மேல் குறைவு. அந்த வேறுபாட்டை வறுமையை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பதும் அதன் முடிவு. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. இங்கே மருத்துவக் கட்டமைப்பு மேலானது என்பதும் உண்மை. என்றாலும் வெயிலிலும் சேற்றிலும் சாக்கடையிலும் தேய்ந்த உடம்பு சீக்கிரம் முதுமை அடைகிறது என்பதற்கு நம் தெருக்களே சாட்சி.

எனவே முதியோர் திட்டங்களில் வயது என்பது நடுநிலையான எண் அல்ல. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய வருமான வரம்பில்லாத மருத்துவக் காப்பீடு 70 வயதில் தொடங்குகிறது. வீட்டு வாசலுக்கு ரேஷன் பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது 70 வயதையே எல்லையாக வைத்தது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் வாசலில் வண்டி வந்து நிற்கும்போது அந்த வீட்டில் 70 வயதுக்காரர் உயிரோடு இருக்க வேண்டும்.

பீடித் தட்டும் கைரேகையும்

தென்காசி மாவட்டத்தைப் பற்றிப் பேசும்போது பீடியை விட்டுவிட்டுப் பேச முடியாது. கடையம், ஆலங்குளம், ஆய்க்குடி எனப் பீடித் தட்டு மடியில் இல்லாத தெரு குறைவு. சட்டப்படி இவர்கள் வருங்கால வைப்பு நிதிக்கு உட்பட்ட தொழிலாளர்கள். 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டப்படி பத்தாண்டு பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 2014 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய்.

ஆனால் ஒரு பாஸ்புக்கில் தாயும் மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றுவார்கள். கணக்கு ஒருவர் பெயரில்தான் ஏறும். பாஸ்புக்கே இல்லாமல் வெளியே வாங்கிச் சுற்றியவர்களும் உண்டு. முப்பது ஆண்டு இலை வெட்டித் தூள் சுவாசித்தவருக்கு, கடைசியில் கையில் பத்தாண்டுக் கணக்குகூடக் காட்ட முடியாது. ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்ற சிக்கல் வேறு. பதினெட்டு வயதில் ‘மாடத்தி’ என்று எழுதியவர்கள் ஐம்பத்தெட்டு வயதில் ‘மாடத்தியம்மாள்’ யார் என்று கேட்டால், அந்தத் தாய் யாரைப் போய்ச் சாட்சி கூப்பிடுவார்?

முதியோர் தொகை வாங்கப் போகும் இடத்திலும் இதே கதைதான். கருவியில் விரலை வைத்தால் ‘ரேகை விழல’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். மண்ணிலும் சிமெண்டிலும் பீடி இலையிலும் தேய்ந்த விரலில் ரேகை எப்படி இருக்கும்? உழைத்ததற்கு அந்த விரலே அத்தாட்சி. அந்த அத்தாட்சியைக் காட்டித்தான் மறுக்கிறார்கள்.

விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நாங்கள் போகும் தெருக்களில் திரும்பத் திரும்பக் கேட்பது, ‘மகன் இருக்கானே, அவன் பார்க்க மாட்டானா?’ என்று அதிகாரி கேட்ட கேள்வியைத்தான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ, புனலூர்ப் பக்கம் கட்டட வேலையிலோ இருக்கிறான். அவனுக்கு அங்கே வீட்டு வாடகை, இங்கே பிள்ளைகள் படிப்பு. அவன் பார்க்காமல் இல்லை. அவனிடம் இருந்தால்தானே பார்ப்பான்?

சொத்து உள்ளவர்களுக்கான சட்டம்

2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தை முதியோரின் பெரும் கவசமாகச் சொல்கிறார்கள். பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறலாம். பல முதியவர்களை இச்சட்டம் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது? எழுதிக் கொடுக்கச் சொத்தும், கொடுக்க வசதியுள்ள பிள்ளையும் இருக்கும் வீட்டை மனத்தில் வைத்துத்தான். 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலமே கைமாறிப்போன பிறகு, நம்மிடம் மகன் பெயருக்கு எழுதிவைக்க என்ன இருந்தது? கூலிக்காரத் தாய் கூலிக்கார மகன் மீது மனுப் போட்டு இரண்டு பேரும் ஒருநாள் கூலியை இழந்து தென்காசிக்குப் பேருந்து ஏறுவதுதான் நீதியா? வறுமையைக் குடும்பத் தகராறாக மாற்றிவிட்டு அரசு ஒதுங்கி நிற்கும் வழி இது. ‘முதுமையில் அரசின் உதவி’ என்று அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்வது அரசை நோக்கித்தான். மகனை நோக்கி அல்ல.

மாவட்டந்தோறும் 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லம் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. வேண்டியதுதான். ஆனால் நம் முதியவர்கள் கேட்பது ஊரைவிட்டுப் போகும் இடத்தை அல்ல. இருக்கும் தெருவிலேயே ஒரு வேளைச் சூடான சோறு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, பகலில் உட்கார ஒரு நிழல், விழுந்தால் தூக்க ஓர் ஆள்.

இதில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. நகரத்து வீடுகளில், எல்லை தாண்டிக் கேரளத்து வீடுகளிலும், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நம் பெண்கள் போகிறார்கள். வேறொருவரின் தாய்க்கு நேரத்துக்கு மருந்து கொடுக்கும் அந்தப் பெண்ணின் தாய், இங்கே தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறாள். தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் 2007-இல் அமைந்தது. அதில் பதிவு செய்யாவிட்டால், நாளை அந்தப் பெண்ணும் அதே கஞ்சிக்குத்தான் வருவாள்.

மலைக்கு அந்தப் பக்கம்

முடியாததைக் கேட்கவில்லை நாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1-க்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1980-இலேயே விவசாயத் தொழிலாளர்களுக்கென்று ஓய்வூதியம் தொடங்கினார்கள். மாதம் 45 ரூபாய். தொகை சிறியது, பெயர் பெரியது. ‘கர்ஷகத் தொழிலாளி பென்ஷன்’ என்றார்கள். உழைத்தாய், ஓய்வு பெறுகிறாய், இது உன் ஊதியம் என்று அந்தப் பெயர் சொன்னது. இன்று அங்கே நல ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் மாதம் 2,000 ரூபாய். ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து 4,000 ரூபாய்.

இங்கே அரசு தரும் பெயர் ‘உதவித்தொகை’. அதே 60 வயதில், அதே கருவூலத்திலிருந்து, அலுவலருக்குப் போனால் ஓய்வூதியம், கூலிக்காரருக்கு வந்தால் உதவி. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் இழிவைச் சுமக்கும் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ‘உதவி’ என்ற சொல்லும் ஒன்றைச் சுமக்கிறது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. கேள்வி கேட்காதே, கொடுத்ததை வாங்கு, நிறுத்தினால் பேசாதே என்பதுதான் அது. நம் தெருக்களில் யாரும் அதை உதவித்தொகை என்று சொல்வதில்லை. ‘பென்சன் வந்துட்டா?’ என்றுதான் கேட்கிறார்கள். மக்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். திருத்த வேண்டியது அரசாணையைத்தான்.

ஆய்க்குடி, சங்க காலத்து ஆய் அண்டிரனின் தலைநகர் என்று அறிஞர் பலர் கருதும் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவன். இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று புண்ணியக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவன் அல்ல அவன் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தப் பெருமையை நாமும் மறுக்கவில்லை. ஆனால் குடியாட்சியில் வள்ளல் யாரும் இல்லை. நெல்லையும் பீடியையும் சாலையையும் கட்டடத்தையும் உண்டாக்கியவர்கள், தங்கள் உழைப்பில் பிடித்துவைக்கப்பட்ட பங்கை முதுமையில் கேட்கிறார்கள்.

நாம் கேட்பது

முதலாவது, பெயரும் உரிமையும். முதியோர் உதவித்தொகை ‘உழைப்பாளர் ஓய்வூதியம்’ என்று சட்டத்தின் வழியாக மாற வேண்டும். நிராகரித்தால் எழுத்தில் காரணமும், மேல்முறையீட்டுக்கு வழியும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தொகை. பாபா ஆதவ், அருணா ராய் போன்றோர் முன்னின்று நடத்திய பென்ஷன் பரிஷத், குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது ஓய்வூதியமாக வேண்டும் என்றது. நூறு நாள் வேலைக் கூலியை வைத்து மாதம் 25 நாள் கணக்கிட்டாலும் அதில் பாதி 4,200 ரூபாய். ஆந்திரம் இதை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. ஒரே நாளில் முடியாவிட்டால் படிப்படியாக உயர்த்துங்கள். ஆனால் அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் இதுவும் ஏறட்டும்.

மூன்றாவது, வயது. தூய்மைப் பணி, விவசாயக் கூலி, செங்கல் சூளை, பீடி போன்ற உடலைத் தின்னும் தொழில்களுக்கு 55 வயதிலேயே ஓய்வூதியம் தொடங்க வேண்டும். வேலையைத் தொடர விரும்புபவர் தொடரட்டும். கட்டாயத்தால் யாரும் தொடரக் கூடாது.

நான்காவது, கைரேகை. ரேகை விழவில்லை என்பதற்காக யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. மாற்று வழியில் அன்றே பணம் தர வேண்டும். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மணியார்டர் காலத்தில் தபால்காரரால் முடிந்தது இன்று ஏன் முடியாது?

ஐந்தாவது, தெருவிலேயே பராமரிப்பு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதியோர் தொகை பெறுபவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதிய உணவு என்பது 1983 முதலே உள்ள ஏற்பாடு. எத்தனை முதியவர்களுக்கு அது தெரியும்? இவற்றோடு பகல் நேரப் பராமரிப்பு மையம் ஒன்றைச் சேர்த்தால் போதும். அன்புச்சோலை என்ற பெயரில் அரசு தொடங்கிய முதியோர் மையங்கள் பெருநகரங்களோடு நின்றுவிடாமல் பேரூராட்சிகளின் நம் குடியிருப்புகளுக்கும் வர வேண்டும். அதில் வேலை பார்க்கும் பெண்களுக்கு முறையான ஊதியம் வேண்டும். பணம் எங்கே என்று கேட்டால், 2024-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. அந்த நிதியைப் பொதுத் திட்டங்களின் கணக்கில் எழுதாமல் நம் தெருவில் கண்ணுக்குத் தெரியும்படி செலவழியுங்கள்.

இதெல்லாம் சின்ன ஊரில் நடக்காது என்பவர்களுக்கு ஆய்க்குடியே பதில். 1981-இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், ஊர் ஊராகப் பணியாளர்களை அனுப்பி மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறது. வீடு தேடிப் போகும் பராமரிப்பு இந்த மண்ணில் சாத்தியம் என்பது ஏற்கெனவே செய்துகாட்டப்பட்டுவிட்டது. ஒரு தொண்டு நிறுவனம் செய்ததை அரசு தன் கடமையாகச் செய்ய வேண்டும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, 2031-இல் இது 18.2 ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் முதுமையடையும் மாநிலம் இது. பத்தில் இரண்டு பேர் முதியவராக இருக்கப்போகும் காலம் தூரத்தில் இல்லை. அப்போதும் ஓய்வு வயதை 60-லிருந்து கூட்டலாமா என்ற பேச்சு மீண்டும் வரும். வரும்போது நம் தெருவின் கேள்வியையும் சேர்த்தே பேசச் சொல்வோம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உங்கள் தெருவில் தொகை நிறுத்தப்பட்டவர்கள், மறுக்கப்பட்டவர்கள், விண்ணப்பிக்கவே தெரியாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். தனித்தனி மனுவாக அல்லாமல் தெரு மனுவாகக் கொண்டுபோவோம்.